பச்சைக் குரல்

ஓஸ்வால்டின் குரலை நான் திருத்தத் தொடங்கிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. அது அவனுக்குத் தெரியாது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மேலே, முதல் மாடியில் எங்கள் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. பலகையில் 'ஓஸ்வால்ட் டிஜிட்டல்' என்று எழுதியிருக்கும். உத்தமன் என்ற என் பெயர் பலகையில் இல்லை, வங்கிக் கணக்கில் மட்டும் உண்டு. ஐயாயிரத்துக்கு மேல் எதை வாங்கினாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஏற்பாடு. அவன் பாடுவான், ஆட்களைப் பிடித்து வருவான், பேசுவான். நான் பதிவு செய்வேன். ஆள் வராத நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிப்பேன். ஒலி புகாத அறையில் படிக்கும்போது சில சமயம் அரை நாள் வரை என் காதில் ஒன்றும் விழாது. அந்த அரை நாட்களுக்காகத்தான் இந்தத் தொழிலில் நீடிக்கிறேனோ என்று நினைத்ததுண்டு.

பதிவான குரல் திரையில் ஒரு கோடாக ஓடும். சுவரம் நிற்க வேண்டிய இடங்களில் மெல்லிய கிடைக்கோடுகள் போட்டிருக்கும். கீழ் ஸ்தாயியில் ஓஸ்வால்டின் கோடு அவற்றின் மேல் சரியாகப் படியும். மேலே போகப் போக, ஈரத்துணி போட்ட கொடிபோல நடுவில் தொங்கும். கேட்பவர்களுக்கு ஏதோ சோகம் என்று தோன்றும், ஆனால் அது சுருதி இறங்கல். அந்தக் கோட்டை மவுஸால் பிடித்து, ஒவ்வொரு சுவரமாக மேலே தூக்கி வைப்பேன். தானாகத் திருத்தும் வசதி ஒன்று இருக்கிறது, அதில் விட்டால் குரல் தகரம் தட்டினமாதிரி ஆகிவிடும். கையால் வரைந்தால்தான் மனிதக் குரலாக இருக்கும். ஒரு சரணத்துக்கு ஒன்றரை மணி நேரம். வரைவதற்கு முன் அந்த வரியை நான் மெதுவாக முனகிப் பார்ப்பேன். என் தொண்டையில் அது எப்படி வளைகிறதோ, அப்படியே அவன் கோட்டையும் வளைப்பேன்.

எனக்குக் குரல் கிடையாது. சுருதி மட்டும் உண்டு. ஓஸ்வால்டுக்கு அது தலைகீழ். இருபது வயதில் இருவரும் மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தோம். அவன் அச்சகத்தில், நான் எஸ்.பி. ரோட்டில் ஒரு ஆம்ப்ளிபயர் கடையில். பெட்டியில் அவன் பாடுவான், சுற்றி இருப்பவர்கள் டிபன் பாக்ஸில் தாளம் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான், சுருதி இறங்கும்போது அவன் முழங்காலை விரலால் அழுத்துவேன். அவன் உடனே ஏறிக்கொள்வான். பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருநாள் அழுத்தினேன், அவன் ஏறினான், அவ்வளவுதான். யாரும் பார்த்ததில்லை. என் வாழ்க்கையில் நான் யாருடனும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மேடையில் பாட ஆரம்பித்ததும் முழங்கால் எட்டாமல் போனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

பாடகருக்கு நாங்கள் கொடுப்பது மைனஸ் ட்ராக், அதாவது குரல் இல்லாத இசை. மேடையில் அது ஓடும், அதன் மேல் பாட வேண்டும். ஓஸ்வால்டின் ட்ராக்கில் மட்டும் அவனுடைய குரலையே அடியில் மெல்லிசாக விட்டுவைப்பேன், திருத்திய குரலை. "தடிமனுக்கு டபுள் போட்டிருக்கேன்" என்று சொல்வேன். எல்லாப் பாடகர்களுக்கும் செய்வதுதானே என்று அவனும் விட்டுவிட்டான். மேடையில் அவன் காதுக்குத் தன் குரல் சரியான இடத்தில் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு போவான். கேட்கும் ஜனத்துக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். பதிவின்போதும் திருத்தாத பச்சைக் குரலை அவனுக்கு நான் போட்டுக் காட்டுவதில்லை. "மிக்ஸ் ஆவட்டும்" என்பேன். காத்திருக்க அவனுக்குப் பிடிக்கும். மிக்ஸ் ஆன பிறகு கண்ணை மூடிக் கேட்பான். "இந்த எடத்துல எப்படி எறக்கிருக்கேன் பாத்தியா" என்பான். அந்த இறக்கம் முந்தின நாள் மதியம் நான் வரைந்ததாக இருக்கும்.

ஆகஸ்டில் பழைய கம்ப்யூட்டர் செத்தது. புதியதில் எங்கள் ஒலிப்பதிவு மென்பொருளின் பழைய பதிப்பு ஏறவில்லை. அதை விற்ற கம்பெனி பழைய பதிப்புகளைக் கைவிட்டுவிட்டது. இலவசப் பதிப்பில் பதியலாம், கலக்கலாம். கையால் சுருதி திருத்தும் பகுதியில் மட்டும் ஒரு சிறிய பூட்டுப் படம். பழைய வாடிக்கையாளர் மேம்படுத்திக்கொள்ளப் பாதி விலை, பதினோராயிரம் ரூபாய், செப்டம்பர் ஏழாம் தேதி மாலை ஐந்தரை வரை என்று மின்னஞ்சல் வந்தது. எட்டாம் தேதி எங்கள் தெரு மாதா கெபித் திருவிழா. கெபி என்பது குகைபோலக் கட்டிய சின்ன மாதா கோயில். மாலையில் ஓஸ்வால்டின் கச்சேரி. இந்த வருடம் ஐந்தும் புதுப் பாட்டுகள், குரல் பதிந்தாகிவிட்டது, ஒன்றையும் திருத்தவில்லை.

காசோலையை எழுதி அவன் முன் வைத்தேன்.

"இன்னாடா இது, பதினோராயிரம்? ஆர்மோனியம் வாங்கப் போறியா?"

"சாப்ட்வேர். புது வெர்ஷன்."

"இப்ப ரெக்கார்டிங் ஆவுதா இல்லியா?"

"ஆவுது."

"மிக்சிங்?"

"அதுவும் ஆவுது."

"அப்பறம் இன்னாத்துக்குடா?"

"சுருதி திருத்தற பார்ட் மட்டும் லாக் ஆயிருக்கு."

ஓஸ்வால்ட் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "யாருக்கு மச்சா திருத்தணும்? எனக்கா?"

அவன் சிரித்து முடிக்கும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கீழே கடையில் யாரோ ஒரு தையல் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள்.

"அந்த ராஜேஷ்குமார் வரான் பாரு, ரிசப்ஷன்ல பாடறவன், அவனுக்கு வேணும் இது. மிஷின் இல்லன்னா அவன் பாட்டு வெங்காய வண்டி மைக்கு மாதிரி இருக்கும். அவன்கிட்ட வாங்கிக் கட்டு. நாம ஏன் சும்மா கட்டணும், சும்னே?"

ராஜேஷ்குமாரின் கோடு கிடைக்கோட்டை விட்டு நகராது. அவன் குரலில் நான் இதுவரை தொட்டது இரண்டே இடங்கள்.

"பாடத் தெரியாதவன் பண்ற வேலைடா அது" என்று ஓஸ்வால்ட் காசோலையை என் பக்கம் தள்ளினான். "ரயில்ல பாடனப்ப எந்த சாப்ட்வேர் இருந்துது? சொல்லு."

காசோலையை எடுத்து மடித்தேன்.

வீட்டில் ரஞ்சிதத்திடம் சொன்னேன். என் மனைவி ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, கோணல் தையலைத் திருப்பி அனுப்புகிறவள். அவள் ஒருத்திக்குத்தான் இந்த விஷயம் தெரியும்.

"வாயத் தொறந்து சொல்லிடு. 'மச்சா, மேல போனா உனக்கு சுருதி நிக்கல'ன்னு. ஒரு வரி."

"பதினோரு வருசம் கழிச்சா?"

"அப்ப சொல்லாத. உன் கைக்காச போட்டு வாங்கு."

"நான் ஏன் போடணும்?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க பாக்டரில தையல் கோணையா இருந்தா பீஸ திருப்பி அனுப்புவோம். நீ ஒருத்தன்தான் ராவும் பகலும் பிரிச்சிப் பிரிச்சி நீயே தைக்கற. தச்சிட்டு அவரு லேபிள ஒட்டற. இப்ப ஊசிக்குக் காசு யாரு தரதுன்னு சண்டை."

"சண்டை ஒண்ணும் இல்ல."

"உனக்கு சண்டை போடத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நறுக்கத் தொடங்கினாள்.

ஏழாம் தேதி மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் பணம் கட்டும் பக்கம் திறந்திருந்தது. அட்டை எண்ணைக்கூடப் போட்டுவிட்டேன். என் சொந்த அட்டை. ஒரு தடவை அழுத்தினால் போதும். நாளை மாலைக்குள் குறைந்தது உச்சத்துக்குப் போகும் அந்த மூன்றாவது பாட்டையாவது வரைந்துவிடலாம்.

மடியில் புத்தகம் இருந்தது. ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

ஒரு பொய்யை இனி நீட்டக் கூடாது, அதனால்தான் கட்டாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. நாலரை மணிக்கு வேறொன்று தோன்றியது. அவன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அடியில் ஒன்றும் இல்லாமல் நின்று பார்க்கட்டும். நான் இல்லாவிட்டால் அவன் யார் என்று ஜனம் கேட்கட்டும். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லும்போதெல்லாம், பௌத்த வீட்டில் பிறந்து, மாதா பாட்டுகளை மாதாவை நம்பாமலேயே வரைகிற எனக்குள், என்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதை யாரும் என் பெயரைச் சொல்லிச் சொன்னதில்லை. அதற்கான கூலியை இன்று வசூலிக்கப் பார்க்கிறேனா? சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எதையும் திருப்பிச் சொல்லாது.

ஐந்தரைக்குப் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. விலை இருபத்திரண்டாயிரம் என்று காட்டியது.

ஐந்து பாட்டுகளையும் டபுள் இல்லாமல் வெறும் மைனஸ் ட்ராக்காகப் பென் டிரைவில் ஏற்றினேன். ஓஸ்வால்டிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒத்திகை என்பது புதிதாகப் பாடுகிறவர்களுக்கு என்பது அவன் கொள்கை.

மறுநாள் மாலை தெருவை இரண்டு பக்கமும் அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். கெபிக்குப் புது நீல வர்ணம், சீரியல் விளக்கு. விவேக் நகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஓஸ்வால்ட் வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினான். நான் எதிரே, கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சர் முன்னால் இருந்தேன். எங்களுக்கு நடுவே முந்நூறு தலைகள்.

முதல் இரண்டு பாட்டுகள் தாழ்ந்தவை. குரல் கணீரென்று வந்தது. ஜனம் கைதட்டியது. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது, இத்தனை வருடமும் தேவையில்லாமல் திருத்திக்கொண்டிருந்தேனோ என்று.

மூன்றாவது பாட்டின் சரணத்தில் குரல் ஏறியது. ஏறி, வர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஓஸ்வால்ட் காலடியில் இருந்த மானிட்டர் பெட்டியைக் குனிந்து பார்த்தான், அங்கிருந்து யாரோ வர வேண்டியவர் வராததுபோல. அடுத்த வரியில் இன்னும் இறங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பின்னால் சில இளைஞர்கள் சிரித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பாடினான். அழுத்த அழுத்த, கீபோர்டு ஒரு தெருவிலும் அவன் ஒரு தெருவிலும் போனார்கள்.

என் வலது கை என் முழங்காலை அழுத்திக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. விரல் வலித்தது.

ஓஸ்வால்ட் அந்தச் சரணத்தோடு பாட்டை முடித்துக்கொண்டான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். "உத்தமா, சவுண்ட கொஞ்சம் பாருப்பா" என்றான், எல்லோருக்கும் கேட்க, பெருந்தன்மையாக.

முந்நூறு தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன.

நான் எழுந்து, சரியாக இருந்த ஒரு கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். மீதிப் பாட்டுகளைச் சுருதியில் ஒரு கட்டை குறைத்துப் போட்டேன். எப்படியோ முடிந்தது.

பெட்டிகளை ஏற்றும்போது திருவிழாக் கமிட்டிக்காரர் மதலைமுத்து வந்தார். "இன்னாப்பா உத்தமன், மானத்த வாங்கிட்டியே. எப்பேர்ப்பட்ட பாட்டுக்காரன் அவன்! போன வருசம் பாட்ட இன்னும் என் போன்ல வெச்சிக் கேக்கறேன். அந்தக் குரல இப்படி ஆக்கிட்டியே. ஒரு மைக்க ஒழுங்கா வெக்கத் தெரியாதா?"

"அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்றேன்.

"அடுத்த தடவை வேற சவுண்டு சர்வீஸ பாப்போம்" என்றார்.

இரண்டு நாட்கள் ஓஸ்வால்ட் வரவில்லை, போனும் இல்லை. எனக்கு அது பழகிய மௌனம் இல்லை. என் மௌனங்களில் நான் ஒளிந்துகொள்வேன். இதில் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று தெரியவில்லை. அவனுக்குப் புரிந்திருக்கும் என்று முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள் அப்படியே ஆகட்டும் என்று விரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை வந்தான். எதிரில் வந்து உட்கார்ந்தான், முழங்கால்கள் இடிக்கும் அளவு பக்கத்தில். சட்டைப் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்து மேசைமேல் வைத்தான். கையெழுத்துப் போட்டிருந்தது.

"வாங்கு. உன் சாப்ட்வேர வாங்கு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாளா யோசிச்சேன்டா. அன்னிக்கி காலைல வீட்ல பாடனேன், நல்லாதான் இருந்துது. மேடைல ஏறனா எங்கயோ போவுது. அப்பதான் தோணுச்சி. பழைய கம்ப்யூட்டர் போனதுல இருந்துதான் இது. உன் ஓசி வெர்ஷன் ட்ராக்க இழுத்துருக்குது. சுருதி மேல போயிருக்கு. என் குரல் அங்கியே நிக்குது, ட்ராக்தான் நகந்துருக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "நீ அப்பவே அழுத்திச் சொல்லிருக்கலாம் இல்ல? பூட்டிருக்கு, கீட்டிருக்குன்னு மொணமொணன்னா எனக்கு இன்னா தெரியும்?"

அழுத்திச் சொல்லிருக்கலாம். சரிதான்.

தொண்டையில் அந்த ஒரு வரி வந்து நின்றது. ரஞ்சிதம் சொல்லிக் கொடுத்த வரி. அது வெளியே வரவில்லை. பதிலாக என் கை நகர்ந்தது. விரலால் அவன் முழங்காலை அழுத்தினேன், ரயிலில் அழுத்துவதுபோல, அதே இடத்தில், அதே பலத்தோடு. அவனைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டே இருந்தேன். இவ்வளவு போதும், இவன் ஏறிக்கொள்வான் என்று நினைத்தேன்.

ஓஸ்வால்ட் என் விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னாடா?"

நான் எடுக்கவில்லை.

"டேய், இன்னாடா காலப் புடிக்கற?" அவன் முகம் இளகியது. என் கைமேல் தன் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். "சீ, விடு மச்சா. இதுக்குப் போயி காலத் தொட்டுக்கினு. தப்பு எல்லாருக்கும் வரதுதான். நான் அப்பவே மன்னிச்சிட்டேன்."

கையை எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. ஒருவேளை அந்த ரயிலிலும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லையோ? கால் இடிபட்டது என்று நினைத்து, தற்செயலாக ஏறினானோ? முப்பது வருடமாக நான் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தது என்ன?

காசோலையில் பதினோராயிரம் என்று எழுதியிருந்தான். இருபத்திரண்டு ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதை அவன் பக்கம் தள்ளினேன்.

"நான் கட்டிக்கறேன்."

"ஏன், கோவமா?"

"இல்ல."

"குத்த உணர்ச்சியா? சரி, உன் இஷ்டம்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

என் அட்டை எண் இன்னும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ரஞ்சிதத்திடம் கேட்கவில்லை. அழுத்தினேன். அரை மணி நேரத்தில் புதுப் பதிப்பு இறங்கி ஏறியது. யார் பெயரில் பதிவு என்று கேட்டது. என் பெயரைத் தட்டினேன். இனி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓரத்தில் சின்ன எழுத்தில் மூன்று விநாடி என் பெயர் வரும். ஓஸ்வால்ட் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வராம பண்ண முடியாதா? டைம் வேஸ்ட்டு" என்றான்.

கெபித் திருவிழாவின் வீடியோவை யூடியூபில் போட வேண்டும் என்று கமிட்டி கேட்டிருந்தது. மேடையில் பதிவான குரல் தனியாக என்னிடம் இருந்தது. மூன்றாவது பாட்டைத் திறந்தேன். சரணத்தில் அந்தக் கோடு நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே கிடந்தது. பூட்டுப் படம் போயிருந்தது.

ஓஸ்வால்டை மாலை வரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு முதல் வரியை முனகிப் பார்த்தேன். நல்ல வரி. அதைத் தூக்கி வைத்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வாய் கசக்கிறது. உச்சத்தில் ஒரு இடத்தில் நேராக நிறுத்தாமல், லேசாக உடைந்து பிறகு சேர்வதுபோல ஒரு வளைவு வைத்தேன். அது பாட்டில் இல்லாதது. என்னுடையது.

ஐந்து மணிக்கு ஓஸ்வால்ட் வந்து சோபாவில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"பாத்தியா" என்றான். "நான் சரியாத்தான்டா பாடிருக்கேன். ஒரு எடத்துல குரல் ஒடஞ்சி சேருது பாரு, அத எவனாலயும் சொல்லிக் குடுக்க முடியாது. அன்னிக்கி இது ஒருத்தன் காதுக்கும் போய்ச் சேரல. பாவி, நீ கெடுத்துட்ட."

நான் மவுஸைத் தள்ளி வைத்தேன்.

"இன்னொரு வாட்டி போடு" என்றான்.

போட்டேன்.